405 எக்ஸ்பிரஸ் லேன்: முதல் முறை நுழைவதற்கு முன்பு முதல் பில் பார்ப்பது வரை

வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூவுக்கும் லின்வுட்டுக்கும் நடுவே 405 நெடுஞ்சாலையின் இடது ஓரமாக ஓடும் எக்ஸ்பிரஸ் லேன்களை, அதாவது காசு கட்டிப் போகும் டோல் லேன்களைப் பற்றிய வழிகாட்டி இது. புதிதாக வேலைக்கு வந்த பலருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தடுமாறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் ஓட்டுவதில் சிக்கல் இல்லை. வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலையைச் சாலையில் செய்யப் பார்ப்பதுதான் சிக்கல். அதனால் கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

1. இறங்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எங்கே நுழைவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்கே வெளியே வருவது என்பதுதான் முதல் கேள்வி. இந்த லேனிலிருந்து நினைத்த இடத்தில் வெளியேற முடியாது. சாதாரண லேனுக்கும் இதற்கும் நடுவே பெரும்பகுதி இரட்டை வெள்ளைக் கோடு இருக்கிறது. அதைத் தாண்டுவது சட்டப்படி தவறு. கோடு விட்டுவிட்டு வரும் இடங்களில் மட்டுமே உள்ளே போகலாம், வெளியே வரலாம். இந்த இடங்களைத்தான் கீழே 'திறப்பு' என்கிறேன்.

அப்படி வெளியே வந்ததும் நீங்கள் இடது ஓரத்தில் இருப்பீர்கள், உங்கள் எக்ஸிட் வலது ஓரத்தில் இருக்கும். நடுவில் உள்ள லேன்களை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். நெரிசலில் அதற்குத் தூரம் பிடிக்கும். ஆகவே மேப்பைத் திறந்து உங்கள் எக்ஸிட்டைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் கடைசித் திறப்பு எது என்று பின்னோக்கிப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் விட்டுவிட்டு வரும் கோடுகள் தெளிவாகவே தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறு 520 சாலைக்குப் போகிறவர்களுடையது. போத்தல் என்ற ஊரிலிருந்து தெற்கே வந்து, 520 பிடித்து ரெட்மண்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் லேன் பெல்வியூ டவுன்டவுனில் வடகிழக்கு 6ஆம் தெரு வரை கொண்டுபோய் விடும். ஆனால் 520 சந்திப்பு அதற்கு முன்பே வந்துவிடும். என் மச்சான் முதல் வாரம் இதைச் செய்தான். காசும் கட்டி, 520ஐ இடது ஓரத்திலிருந்து வேடிக்கையும் பார்த்துவிட்டு, டவுன்டவுனில் இறங்கி, வந்த வழியே வடக்கே திரும்பிப் போனான். 520க்குப் போகிறவர்கள் கிர்க்லாண்ட் பகுதியிலேயே வெளியே வந்துவிட வேண்டும்.

உங்கள் பயணம் இரண்டு மூன்று எக்ஸிட் தூரம்தான் என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். வலதிலிருந்து இடதுக்கும் இடதிலிருந்து வலதுக்கும் மாறுவதிலேயே மிச்சப்படும் நேரம் போய்விடும்.

2. கணக்குத் திறந்து நம்பர் பிளேட்டைச் சேர்த்துவிடுங்கள்

கணக்கு இல்லாமலும் இந்த லேனில் ஓட்டலாம். கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தபாலில் பில் அனுப்பும். அப்படி வந்தால் டோலுக்கு மேல் 2 டாலர் கூடுதல், அதுவும் ஒவ்வொரு முறையும். 'குட் டு கோ' என்ற மாநில டோல் கணக்கைத் திறந்து பிளேட்டை மட்டும் சேர்த்தால் கூடுதல் 25 சென்ட். வழியில் உள்ள கருவிகள் தானாகப் படிக்கும் பாஸும் வாங்கிக் காரில் ஒட்டினால் கூடுதல் எதுவும் கிடையாது.

முன்பணம் போடும் கணக்குக்கு 30 டாலரில் தொடங்கலாம். முன்பணம் வேண்டாம் என்றால், விழுந்த டோலைப் பிறகு கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. தினமும் போகிறவர்கள் முன்பணக் கணக்கில் தானாக நிரப்பும் வசதியைப் போட்டுவிடுவது நல்லது. மீதி தீர்ந்துவிட்டதா என்று நினைவு வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, புதுக் கார் வாங்கியவர்கள் தற்காலிகக் காகிதப் பிளேட்டின் எண்ணைச் சேர்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து உலோகப் பிளேட் வந்ததும் கணக்கில் மாற்ற மறப்பது. பாஸ் படிக்கப்படாத ஒரு நாளில் கேமரா பிளேட்டைப் பார்க்கும். அந்த எண் எந்தக் கணக்கிலும் இல்லை என்றால் தபால் பில்தான்.

இரண்டு, முகவரி. அபார்ட்மெண்ட் மாறியவர்கள் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் புது முகவரி சொல்கிறார்கள், வண்டிப் பதிவில் பழையதையே விட்டுவிடுகிறார்கள். பில் பழைய வீட்டுக்குப் போகும். முதல் பில்லுக்குப் பணம் வரவில்லை என்றால் இரண்டாவது பில்லில் 5 டாலர் ஏறும். அதையும் விட்டால் ஒவ்வொரு டோலுக்கும் 40 டாலர் அபராதம். 3 டாலர் பயணம் 40 டாலருக்கு மேல் போய் நின்ற கதைகளில் பெரும்பாலானவை இப்படிப் பழைய வீட்டுத் தபால் பெட்டியில் ஆரம்பித்தவைதான்.

பழைய கார் வாங்கினால் இன்னொரு வேலை உண்டு. கண்ணாடியில் முன்னாள் உரிமையாளரின் பாஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிய்த்துப் போடுங்கள்.

3. எந்த பாஸ் என்று தேர்ந்தெடுங்கள்

எப்போதும் தனியாகத்தான் ஓட்டுவீர்கள் என்றால் ஸ்டிக்கர் பாஸ் போதும். விலை 5 டாலர். ஒருமுறை ஒட்டிவிட்டால் எடுத்து வேறு காரில் ஒட்ட முடியாது.

எப்போதாவது ஆட்களை ஏற்றிக்கொண்டு இலவசமாகப் போக நினைத்தால் ஃப்ளெக்ஸ் பாஸ் வேண்டும். 15 டாலர். அதில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'டோல்', மறுபக்கம் 'எச்.ஓ.வி.', அதாவது கார்பூல் (பலர் சேர்ந்து போகும் கார்). ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காரில் ஐந்து பேர் இருந்தாலும், ஃப்ளெக்ஸ் பாஸ் எச்.ஓ.வி. நிலையில் இல்லையென்றால் டோல் விழும். இது பலருக்கு நம்பமுடியாத விஷயமாக இருக்கிறது. "ஆட்கள் இருந்தாலே இலவசம்தானே?" என்று கேட்பார்கள். கருவிக்கு ஆட்கள் தெரியாது, சுவிட்ச் மட்டும்தான் தெரியும்.

ஸ்டிக்கரை வைத்துக்கொண்டே ஃப்ளெக்ஸையும் மாட்டாதீர்கள். ஸ்டிக்கருக்குக் கார்பூல் தெரியாது. நீங்கள் குடும்பத்தோடு போகிற அன்றைக்கு அது படிக்கப்பட்டால் காசு போகும். ஃப்ளெக்ஸுக்கு மாறும் நாளில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்குத் தனி பாஸ் உண்டு. அது கணக்கில் இருந்தால் டோல் கிடையாது. 10,000 பவுண்டுக்கு மேல் எடை மதிப்பீடு உள்ள வண்டிகளுக்கு இந்த லேனில் அனுமதியே இல்லை. வீடு மாற்றப் பெரிய வாடகை லாரி எடுக்கும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. பாஸை ஒட்டுங்கள்

முன்கண்ணாடியின் உட்புறம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால். கண்ணாடியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். சில கார்களின் கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கும், அதில் சிக்னல் சரியாகப் போகாது. காரின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட காருக்கு வெளியே பொருத்தும் பாஸ் கேட்டு வாங்கலாம்.

பாஸை டேஷ்போர்டில் வைப்பதும் கையில் தூக்கிக் காட்டுவதும் வேண்டாம். நிறையப் பேர் செய்கிறார்கள்.

5. மணியையும் தலையையும் எண்ணி, சுவிட்சை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

வாரத்தின் ஏழு நாளும் காலை 5 மணியிலிருந்து இரவு 8 மணி வரை டோல் உண்டு. இரவு 8 முதல் காலை 5 வரை யார் வேண்டுமானாலும் பாஸ் இல்லாமல் இலவசமாகப் போகலாம். முன்பு வார இறுதியில் இலவசமாக இருந்தது, 2024 மார்ச்சில் மாறிவிட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் "சனிக்கிழமை ஃப்ரீ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நம்பிவிடாதீர்கள்.

கார்பூல் கணக்கு நேரத்தைப் பொறுத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5 முதல் 9, மாலை 3 முதல் 7: இந்த நேரங்களில் ஓட்டுநரையும் சேர்த்து மூன்று பேர் இருந்தால்தான் இலவசம். டோல் உள்ள மற்ற நேரங்களில், வார இறுதி உட்பட, இரண்டு பேர் போதும். கைக்குழந்தையும் ஒரு தலைதான்.

இதனால் ஒரே நாளில் ஒரே இரண்டு பேருக்கு விதி மாறும். கணவனும் மனைவியும் காலை 8 மணிக்குச் சேர்ந்து போனால் சுவிட்ச் டோலில் இருக்க வேண்டும். மதியம் 1 மணிக்கு அவர்களே திரும்பி வந்தால் எச்.ஓ.வி. பக்கம் வைக்கலாம். சந்தேகமாக இருந்தால் டோலில் வையுங்கள். தவறிப்போனால் சில டாலர்தான் நஷ்டம். தனியாக இருந்துகொண்டு எச்.ஓ.வி.யில் வைத்தால் மாநிலக் காவல்துறையிடம் மாட்டும்போது 186 டாலர் அபராதம். இரண்டு ஆண்டுக்குள் மறுபடியும் மாட்டினால் 336. பொம்மையை உட்கார வைத்து ஏமாற்றினால் அதற்கு மேல் 200.

நானே ஒருமுறை இதில் சறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போனபோது சுவிட்ச் எச்.ஓ.வி.யில். திங்கள் காலை தனியாக அலுவலகம். கிர்க்லாண்ட் தாண்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஓடும் காரில் கையை நீட்டிச் சுவிட்சைத் தள்ளுவது அதைவிட ஆபத்து, அடுத்த திறப்பில் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் காரை நிறுத்தியதும் சுவிட்சை டோலுக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்குகிறேன். எச்.ஓ.வி. வேண்டிய நாளில் மட்டும், எல்லோரும் ஏறி சீட் பெல்ட் போட்டபின் மாற்றுவேன்.

6. விலைப் பலகையைப் படியுங்கள்

திறப்புகளுக்கு முன்னால் மின்பலகையில் மூன்று இடங்கள் வரை பெயரும் விலையும் வரும். நீங்கள் நுழையும்போது பார்க்கும் விலைதான் உங்களுக்கு. உள்ளே போனபின் அடுத்த பலகையில் ஏறியிருந்தாலும் கவலையில்லை, அது பின்னால் நுழைகிறவர்களுக்கு.

எல்லா எக்ஸிட்டும் பலகையில் இருக்காது. உங்களுடையது இல்லையென்றால், அதைத் தாண்டி அடுத்து எழுதியிருக்கும் இடத்தின் விலையை மனதில் வைத்து முடிவெடுங்கள். மேலே உள்ள சின்ன விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசி வரை போகிறவர்கள்தான் அப்புறம் "2 டாலர் போட்டிருந்தது, 7 எடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். முதல் வரி பக்கத்து இடத்துக்கான விலை.

குறைந்தபட்சம் 1 டாலர். உச்சவரம்பு 2024 மார்ச்சில் 10 டாலரிலிருந்து 15 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட விலையை நெரிசலைப் பார்த்து ஒரு கணினி நிர்ணயிக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட மாற்றும். எக்ஸ்பிரஸ் லேன் நிரம்ப ஆரம்பித்தால் விலையை ஏற்றிப் புதிதாக வருகிறவர்களைக் குறைப்பதுதான் அதன் வேலை. நெரிசல் நேரத்தில் 90 சதவீத நேரம் மணிக்கு 45 மைல் வேகம் இருக்க வேண்டும் என்பது மாநிலம் வைத்திருக்கும் இலக்கு.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பலகை வேறுமாதிரி தெரியும். விலை அதிகம் என்றால் வேகமும் அதிகம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விலை ஏறியிருப்பது எக்ஸ்பிரஸ் லேனிலேயே கூட்டம் சேருவதன் அறிகுறி. 5, 6 டாலரில் கணினிக்கு இன்னும் ஏற்ற இடம் இருக்கிறது, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும். உச்சத்தைத் தொட்டபின் ஏற்ற வழியில்லை. யார் வந்தாலும் உள்ளே விட வேண்டியதுதான். அப்போது 15 டாலர் கட்டிவிட்டும் ஊர்ந்துகொண்டு போகலாம். என் சொந்த வழக்கம்: விலை உச்சத்தில் இருந்தால், விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் இருந்தாலொழிய நுழைவதில்லை. பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் பல நாட்களில் விலை இறங்கியிருக்கிறது.

இன்னொன்று. எவ்வளவு வரை கொடுப்பேன் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். 60 மைல் வேகத்தில் பலகையைப் பார்த்து மனக்கணக்குப் போட ஆரம்பித்தால் முன்னால் உள்ள காரின் பிரேக் விளக்கு கண்ணில் படாது. "8 வரை போவேன், அதற்கு மேல் இல்லை" என்ற ஒரு எண் போதும்.

7. நுழையுங்கள்

பலகைக்கு முன்பே இடது ஓரச் சாதாரண லேனுக்கு வந்திருங்கள். கோடு விட்டுவிட்டு வரத் தொடங்கியதும் சிக்னல் போட்டு, பின்னால் நன்றாகப் பார்த்து நுழையுங்கள். பக்கத்து லேன் 20 மைலில் ஊர்ந்துகொண்டிருக்க, எக்ஸ்பிரஸ் லேனில் 55இல் வண்டிகள் வரும். இந்த வேக வித்தியாசம்தான் இந்தச் சாலையில் பயப்பட வேண்டிய ஒரே விஷயம். கண்ணாடியில் தூரமாகத் தெரியும் கார் மூன்று நொடியில் பக்கத்தில் இருக்கும். பெரிய இடைவெளி கிடைக்கும் வரை பொறுங்கள். திறப்பின் தொடக்கத்திலேயே நுழைய வேண்டியதில்லை, அதன் நீளம் முழுவதையும் பயன்படுத்தலாம்.

திறப்பு முடிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டைக் கோட்டின்மேல் ஏறாதீர்கள். அடுத்த திறப்பு வரும்.

நேரடி ஏற்றங்களும் உண்டு. பெல்வியூ டவுன்டவுனில் வடகிழக்கு 6ஆம் தெருவிலிருந்து எக்ஸ்பிரஸ் லேனுக்கே நேராக ஏறலாம். கிர்க்லாண்டில் வடகிழக்கு 128ஆம் தெருவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. லேன் மாறும் வேலையே இல்லாததால் புதியவர்கள் முதல் முறை இங்கே தொடங்குவது நல்லது. ஆனால் டவுன்டவுனிலிருந்து 520க்குப் போகிறவர்கள் 6ஆம் தெருவில் ஏறவே கூடாது. ஏறினால் இடது ஓரத்தில் மாட்டிக்கொண்டு 520ஐத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

8. உள்ளே ஓட்டும்போது

பெல்வியூவிலிருந்து போத்தலில் 522 சாலை சந்திப்பு வரை இரண்டு எக்ஸ்பிரஸ் லேன்கள். மெதுவாகப் போகிறவர்கள் வலதில், முந்துகிறவர்கள் இடதில். 522க்கு வடக்கே அது ஒற்றை லேனாகச் சுருங்குகிறது. மாலையில் வடக்கே போகும்போது அந்த இடத்தில் வேகம் குறையும் என்று எதிர்பார்த்தே போங்கள். உங்கள் வீடு 522 பக்கம் என்றால் அதற்கு முன்பே வெளியே வந்துவிடுவது மேல்.

லின்வுட் வரை போகிறவர்களுக்கு ஒரு தகவல். வடக்கு நோக்கிய திசையில் 527 சாலைக்கும் ஐ-5 நெடுஞ்சாலைக்கும் நடுவே வலது ஓரத்தை நெரிசல் நேரத்தில் கூடுதல் லேனாகத் திறந்துவிடுகிறார்கள். மேலே பச்சை அம்பு இருந்தால் போகலாம், சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் கூடாது. அதற்கு டோல் கிடையாது. அது திறந்திருக்கும் நேரத்தில் அந்தக் கடைசித் துண்டுக்கு டோல் கட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

9. வெளியே வாருங்கள்

முதல் படியில் குறித்த திறப்பு வரும்போது வலது எக்ஸ்பிரஸ் லேனில் இருக்க வேண்டும். இப்போது வேக வித்தியாசம் தலைகீழ்: நீங்கள் வேகமாக இருக்கிறீர்கள், சேரப்போகும் லேன் மெதுவாக இருக்கிறது. எக்ஸ்பிரஸ் லேனில் அடித்து பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் தடுமாறுவார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முன்னதாகவே எடுத்து, மெல்ல வேகத்தைக் குறைத்துச் சேருங்கள்.

வெளியே வந்தபின் ஒரே மூச்சில் வலது ஓரத்துக்குப் பாயாதீர்கள். எக்ஸிட் தவறிவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வரலாம், ஐந்து நிமிடம்தான்.

10. இரண்டு நாள் கழித்துக் கணக்கைத் திறந்து பாருங்கள்

வழியில் பல இடங்களில் கருவிகள் உங்கள் பாஸைப் படிக்கும். அவற்றைக் கோத்து ஒரே பயணமாக்கி ஒரு விலை போடுவார்கள். அதனால் கணக்கில் உடனே தெரியாது. முதல் பயணம் கணக்கில் விழுந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: நீங்கள் கண்ட விலைதானா, பாஸ் மூலம் பதிவானதா பிளேட் மூலமா, எச்.ஓ.வி. வைத்திருந்தால் அது ஏறியிருக்கிறதா.

பிளேட் மூலம் என்று தொடர்ந்து வந்தால் பாஸ் சரியாகப் படிக்கப்படவில்லை என்று அர்த்தம். ஒட்டிய இடத்தை மாற்றிப் பாருங்கள். கவனிக்காமல் விட்டால் ஒரு முறைக்கு 25 சென்ட் என்று மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், எச்.ஓ.வி. இலவசமும் கிடைக்காது.

"டோல் பாக்கி, இந்த லிங்கில் உடனே கட்டு" என்று போனில் குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். டோல் பெயரில் மோசடிச் செய்திகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றுகின்றன. பாக்கி இருக்கிறதா என்று பார்க்க, நீங்களே தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்து கணக்குக்குள் போய்ப் பாருங்கள்.

இதே பாஸ் 520 பாலத்திலும், டகோமா நேரோஸ் பாலத்திலும், சியாட்டலின் 99 சுரங்கத்திலும் வேலை செய்யும். ஆனால் இந்த மூன்றிலும் காரில் எத்தனை பேர் இருந்தாலும் டோல் உண்டு. ஃப்ளெக்ஸ் பாஸை எச்.ஓ.வி.யில் வைத்துவிட்டு 520 பாலம் இலவசம் என்று நினைத்துப் போய்வந்தவர்களை எனக்குத் தெரியும்.

காரை விற்கும்போது பாஸை எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், அன்றைக்கே பிளேட்டையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். வாடகைக் காருக்கும் அப்படித்தான். எடுத்த நாளில் அதன் பிளேட்டைச் சேர்த்து, திருப்பிக் கொடுத்த நாளில் நீக்கிவிடுங்கள். மறந்தால் அடுத்து அந்தக் காரை எடுத்தவரின் டோல் உங்கள் கணக்கில் விழும்.